லேக் டிஸ்ட்ரிக்டில் தோழியருடன் ஒரு கோடை வார இறுதி: எப்படித் திட்டமிடுவது?

லண்டனில் வேலை பார்க்கும் ஐந்து தோழியர், ஜூன் அல்லது ஜூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும்படி வடமேற்கு இங்கிலாந்தின் ஏரிகள் நிறைந்த மலைப்பகுதியான லேக் டிஸ்ட்ரிக்டுக்குப் போய்வர விரும்புகிறீர்கள். யாரிடமும் கார் இல்லை. இருவர் சைவம். ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் இங்கிலாந்தின் மிக உயர்ந்த மலையில் ஏறியே தீருவேன் என்கிறார். எல்லாருக்கும் பொதுவான ஆசையாக நீங்கள் குறிப்பிட்டிருப்பது, அவ்வளவு தூரம் போய்விட்டு நான்கைந்து ஏரிகளையாவது பார்க்காமல் வரக்கூடாது என்பது. அந்தக் கடைசி ஆசையை முதலில் கைவிடுங்கள் என்பதுதான் என் பதிலின் சாரம். அதை விட்டுவிட்டால் மற்றவை பெரும்பாலும் தாமாகவே பொருந்திவரும்.

காரணத்தைச் சொல்கிறேன். 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு 2017இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற இந்தப் பகுதியின் பரப்பு ஏறத்தாழ 2,360 சதுர கிலோமீட்டர். வரைபடத்தில் ஏரிகள் ஒன்றுக்கொன்று அருகில் இருப்பதுபோலத் தோன்றினாலும், அவை கிடக்கும் பள்ளத்தாக்குகள் நடுவிலுள்ள மலைத்திரளிலிருந்து ஒரு சக்கரத்தின் ஆரங்கள்போல வெளிநோக்கிப் பிரிகின்றன. அங்கேயே வாழ்ந்து மறைந்த கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் தம் வழிகாட்டி நூலில் இந்த உவமையைத்தான் கையாண்டார். இதனால் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குப் போக, ஒன்று செங்குத்தான கணவாயைக் கடக்க வேண்டும், அல்லது வெகுதூரம் சுற்றிக்கொண்டு போக வேண்டும். சாலைகள் குறுகியவை, இருபுறமும் கல் சுவர்கள், கோடைச் சனிக்கிழமைகளில் அவற்றில் வண்டிகள் ஊர்ந்துதான் போகும். இரண்டு நாளில் ஐந்து ஏரிகள் என்று கிளம்பியவர்கள் பேருந்துச் சன்னல் வழியாக ஐந்து ஏரிகளைப் பார்த்துவிட்டு, ஒன்றின் கரையிலும் அரைமணி நேரம் உட்காராமல் திரும்புவார்கள். தோழியர் ஐவரும் சேர்ந்து விடுப்பும் நாளும் ஒத்துவரும்படி அமைவதே அரிது என்னும்போது, அந்த நேரத்தைப் பேருந்து நிறுத்தங்களில் செலவழிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஆகவே ஓர் ஏரி, ஓர் ஊர், இரண்டு இரவுகள். முதல்முறை போகும், கார் இல்லாத ஒரு குழுவுக்கு அந்த ஏரி விண்டர்மியராகத்தான் இருக்க முடியும். இங்கிலாந்தின் மிகப்பெரிய இயற்கை ஏரி அது; நீளம் ஏறத்தாழ 17 கிலோமீட்டர், அகலம் பெரும்பாலான இடங்களில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் குறைவு. கொடைக்கானல் ஏரியை ஒரு மாலைப் பொழுதில் சுற்றி நடந்த பழக்கத்தில் இதையும் சுற்றிவிடலாம் என்று எண்ணிவிடாதீர்கள். நிலவியலாளர் சொற்படி இது பனியாறு செதுக்கிய பள்ளத்தில் நிறைந்த நீர். சில இடங்களில் ஆழம் அறுபது மீட்டருக்கும் மேல். இதைப் படகிலும் நடையிலுமாகத் துண்டு துண்டாக அறிவதே சரியான முறை.

எந்த ஊரில் தங்குவது என்பதில் பலரும் பவுனஸைத் தேர்ந்தெடுப்பார்கள், ஏனெனில் தேடினால் முதலில் வருவது அதுதான். படகுத்துறை, ஐஸ்கிரீம் கடைகள், அன்னங்கள், நினைவுப்பொருள் கடைகள் என்று நாள் முழுதும் திருவிழாக் கூட்டமாக இருக்கும் அந்த ஊரில் ஒரு பிற்பகல் போதும். ரயில் வந்து நிற்கும் விண்டர்மியர் ஊரோ பெயருக்குத்தான் ஏரியுடையது. நிலையத்திலிருந்து நீர்க்கரைக்கு இருபது, முப்பது நிமிடம் இறக்கத்தில் நடக்க வேண்டும். என் பரிந்துரை ஏரியின் வட முனையிலுள்ள ஆம்பிள்சைடு. அதன் வாட்டர்ஹெட் துறையிலிருந்து படகு ஏறலாம். ஊருக்குள்ளிருந்தே மலைப்பாதைகள் தொடங்குகின்றன. ரைடல், கிராஸ்மியர் என்னும் இரு சிறு ஏரிகள் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. 555, 599 ஆகிய இரு பேருந்துத் தடங்களும் ஊர் வழியாகப் போகின்றன. ஆகவே ஏரிகளின் எண்ணிக்கையை விட்டுவிட்டாலும் உங்களுக்கு மூன்று ஏரிகள் கிடைத்துவிடும். முன்பே ஒருமுறை விண்டர்மியர் போய்வந்தவர்களுக்கு மட்டும் வடக்கேயுள்ள கெசிக் ஊரைச் சொல்வேன்: பென்ரித் நிலையத்தில் இறங்கி முக்கால் மணி நேரப் பேருந்துப் பயணம், டெர்வென்ட்வாட்டர் ஏரியைச் சுற்றிவரும் சிறு படகுகள் ஒவ்வொரு துறையிலும் நிற்கும், 451 மீட்டர் உயர கேட்பெல்ஸ் மலை ஏரிக்கரையிலிருந்தே எழும்பும். அதுவும் அழகான திட்டம்தான், ஆனால் ஒரு பேருந்துப் பயணம் கூடுதலாகிறது.

நாளைத் தேர்வதில் உங்களுக்கு உரிமை இருக்குமானால், ஜூன் நடுவிலிருந்து ஜூலை முதல் பாதிக்குள் ஒரு வாரத்தைப் பிடியுங்கள். இங்கிலாந்துப் பள்ளிகள் ஜூலை பிற்பகுதியில் மூடப்பட்டுச் செப்டம்பர் தொடக்கத்தில்தான் திறக்கும். அந்த இடைவெளியில் அறை வாடகையும் கூட்டமும் ஏறும். ஜூனில் இன்னொரு பெரும் வசதி வெளிச்சம். லண்டனைவிட ஏறத்தாழ மூன்று பாகை வடக்கே இருப்பதால் ஜூன் இறுதியில் சூரியன் மறைய இரவு ஒன்பதே முக்கால் ஆகும். காலை நான்கே முக்காலுக்குள் மீண்டும் உதித்துவிடும். வார இறுதி என்பது இரண்டு பகல்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழ அரை நாளைச் சேர்த்துத் தருகிறது, அதை எப்படிப் பயன்படுத்துவது என்று கீழே சொல்கிறேன்.

தங்குமிடத்தில்தான் பல குழுக்கள் சிக்கிக்கொள்கின்றன. ஐந்து பேருக்கு ஒரு காட்டேஜ் எடுத்துச் சேர்ந்து சமைத்துச் சேர்ந்து தூங்கலாம் என்ற கனவு எல்லாருக்கும் வரும். ஆனால் கோடையில் அத்தகைய வீடுகளை உரிமையாளர்கள் முழு வாரத்துக்கே, அதுவும் பெரும்பாலும் வெள்ளிக்கு வெள்ளி அல்லது சனிக்குச் சனி என்றே விடுவார்கள். இரண்டு இரவுக்குக் கிடைத்தாலும் விலை கசக்கும். மாற்றாக, வாட்டர்ஹெட்டில் ஏரிக்கரையிலேயே அமைந்திருக்கும் ஒய்.எச்.ஏ. விடுதியைப் பாருங்கள். யூத் ஹாஸ்டல் என்றதும் இருபது வயதினருக்கான இடம் என்று முகம் சுளிக்க வேண்டாம். தனியறைகள் உண்டு, எல்லா வயதினரும் குடும்பங்களும் தங்குகிறார்கள், விருந்தினர் தாமே சமைத்துக்கொள்ளச் சமையலறையும் இருக்கிறது. அடுத்த படி, காலை உணவுடன் கூடிய சிறு விருந்தினர் இல்லங்கள்; அவை வார இறுதியில் குறைந்தது இரண்டு இரவு எடுக்க வேண்டும் என்று சொல்வது வழக்கம், உங்களுக்கு அது பொருந்தும். ஐந்து என்பது அறைகளுக்கு ஒத்துவராத எண். இருவர், மூவர் என்று எப்படிப் பிரிவது, யார் குறட்டை விடுவார், யாருக்கு விளக்கு எரிந்தால் தூக்கம் வராது என்பதையெல்லாம் முன்பதிவுக்கு முன்னமே பேசி முடித்துவிடுங்கள். கல்லூரி விடுதியில் பொறுத்துக்கொண்டதை எல்லாம் நாற்பதை நெருங்கும்போது யாரும் பொறுத்துக்கொள்வதில்லை.

பயணம் எளிது. லண்டனின் யூஸ்டன் நிலையத்திலிருந்து ஆக்சன்ஹோம் வரை ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். அங்கே மாறினால் கிளைப்பாதையில் இருபது நிமிடத்தில் விண்டர்மியர். சில வார முன்பதிவில் வாங்கும் அட்வான்ஸ் டிக்கெட்டுக்கும் அன்றே வாங்கும் டிக்கெட்டுக்கும் விலை வேறுபாடு பெரிது. ஆனால் அட்வான்ஸ் டிக்கெட் குறிப்பிட்ட அந்த ரயிலுக்கு மட்டுமே செல்லும் என்பதால், அலுவலகத்திலிருந்து யார் கடைசியாகக் கிளம்புவாரோ அவருடைய நேரத்தை வைத்துத்தான் ரயிலைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மாலை ஐந்தரை மணிவாக்கில் ஏறினால் ஒன்பதுக்குள் விண்டர்மியர் வந்துவிடலாம், அப்போதும் வெளிச்சம் இருக்கும். அந்த நேரத்தில் ஆம்பிள்சைடுக்குப் பேருந்து உண்டா என்பதை முன்கூட்டியே கால அட்டவணையில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் டாக்சியை முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும், அதுவும் ஐவருக்கும் பெட்டிகளுக்கும் இடமுள்ள பெரிய வண்டியாக. நிலையத்தில் இறங்கிக் கைகாட்டினால் வந்து நிற்கும் ஊர் இதுவல்ல. பகலில் பேருந்தே போதும். இங்கிலாந்தில் ஒற்றைப் பேருந்துப் பயணத்துக்கான கட்டண உச்சவரம்பு 2025 தொடக்கத்தில் 3 பவுண்டாக நிர்ணயிக்கப்பட்டது. 599 தடத்தில் கோடையில் ஓடும் மேல்தளம் திறந்த பேருந்துக்கு அந்தத் தொகையைத் தாராளமாகக் கொடுக்கலாம்.

இந்தக் கிளைப்பாதை பற்றி ஒரு செய்தி. 1844இல் இதைப் போடத் திட்டமிட்டபோது, தொழில் நகரங்களிலிருந்து ரயில் நிறைய ஆட்கள் வந்து இறங்கினால் இந்த இடத்தின் அமைதி கெடும் என்று வேர்ட்ஸ்வொர்த் பத்திரிகைக்கு எழுதிக் கடுமையாக எதிர்த்தார். 1847இல் பாதை திறக்கப்பட்டுவிட்டது. அவர் அஞ்சிய அந்தக் கூட்டத்தின் வாரிசுகள்தாம் நாம், என்றாலும் கோடையில் பவுனஸ் படகுத்துறையில் நிற்கும்போது அவர் சொன்னதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இனி சனிக்கிழமை. அதை ஒரே நீண்ட நாளாக, ஏரிக்கே ஒதுக்குங்கள். வாட்டர்ஹெட்டிலிருந்து கோடைப் பருவத்தில் ரே கோட்டைக்குப் படகு போகிறது. கோட்டை என்றதும் பழம்பெரும் வரலாறு எதையும் எதிர்பார்க்க வேண்டாம். 1840களில் ஒரு வசதிபடைத்த மருத்துவர் தமக்குக் கட்டிக்கொண்ட போலிக் கோட்டை அது. ஆனால் 1882 கோடையில் பதினாறு வயதை எட்டிய, பின்னாளில் குழந்தைக் கதைகளால் புகழ்பெற்ற பியாட்ரிக்ஸ் பாட்டர் தம் பெற்றோருடன் அங்கே தங்கினார். அப்போது அவ்வூர்ப் பாதிரியாராக இருந்து, பின்னாளில் 1895இல், இயற்கை எழில் மிக்க இடங்களையும் பழைய கட்டடங்களையும் பாதுகாக்கும் அமைப்பான நேஷனல் டிரஸ்டை நிறுவிய மூவரில் ஒருவரான ஹார்ட்விக் ரான்ஸ்லி குடும்ப நண்பரானார். முயல் குட்டிக் கதைகளின் வருமானத்தில் 1905இல் அருகிலேயே ஹில் டாப் பண்ணையை வாங்கிய பாட்டர், 1943இல் மறைந்தபோது பதினான்கு பண்ணைகளையும் நான்காயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தையும் அந்த டிரஸ்டுக்கு எழுதிவைத்தார். நீங்கள் நடக்கப்போகும் சரிவுகளில் மேயும் சாம்பல் நிற ஹெர்ட்விக் ஆடுகள் இன்னும் அங்கே இருப்பதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஹில் டாப் வீட்டுக்குள்ளும் போக விரும்பினால் நேரம் குறித்த நுழைவுச்சீட்டை முன்பே வாங்க வேண்டும்; சிறிய வீடு, ஒரே சமயத்தில் சிலரைத்தான் உள்ளே விடுவார்கள். குழுவில் பாட்டர் பித்துப் பிடித்தவர் யாரும் இல்லையென்றால் அதை விட்டுவிடலாம்.

ரே கோட்டையிலிருந்து ஏரியின் மேற்குக் கரையோரமாகத் தெற்கே ஃபெர்ரி ஹவுஸ் வரை ஆறு, ஏழு கிலோமீட்டர் பாதை இருக்கிறது. பெரும்பாலும் சமதளம், ஒருபுறம் ஓக் மரக்காடு, மறுபுறம் நீர், வழிநெடுகிலும் கூழாங்கல் பரந்த சிறு கரைகள். ஐந்து பேர் பேசிக்கொண்டே நடப்பதற்கு இதைவிடப் பொருத்தமான பாதை அந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்து இல்லை, ஏனென்றால் மலைப்பாதைகளில் மூச்சிரைப்பில் பேச்சு நின்றுவிடும், குறுகலான பாதைகளில் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டியிருக்கும். இங்கே இருவர் மூவராகச் சேர்ந்தும் பிரிந்தும் நடக்கலாம். வழியில் கடைகள் கிடையா என்பதால் மதிய உணவைக் கட்டிக்கொண்டு போய் ஏதாவது ஒரு கரையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கடைசியில், ஏரியின் குறுக்கே கம்பிவடத்தைப் பற்றி இழுத்தபடி கார்களையும் ஆட்களையும் ஏற்றிச்செல்லும் சிறு கப்பல் சில நிமிடங்களில் எதிர்க்கரை சேர்க்கும். பலத்த காற்றில் அது நின்றுவிடும் என்பதால் காலையிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். இறங்கிய இடத்திலிருந்து பவுனஸ் துறை இருபது நிமிட நடை. அங்கிருந்து ஆம்பிள்சைடுக்குத் திரும்பும் படகு அரை மணி நேரம். அதிர்ஷ்டம் இருந்தால் 1891இல் கட்டப்பட்டு இன்றும் ஓடும் ‘டெர்ன்’ கப்பல் கிடைக்கும்.

முழங்கால் வலியுள்ள தோழி இந்தத் திட்டத்தில் தனித்துவிடப்பட மாட்டார். அவர் ரே கோட்டை வரை எல்லாருடனும் வந்து, தோட்டத்தில் உலவி, காபி குடித்துவிட்டு, படகிலேயே வாட்டர்ஹெட் திரும்பி, அங்கிருந்து இன்னொரு படகில் பவுனஸ் வந்து மற்றவர்களைச் சந்திக்கலாம். அவருடன் ஒருவராவது சேர்ந்து போவது நல்லது, ஆனால் “உனக்காக நான் வருகிறேன்” என்ற தொனியில் போகாதிருப்பது அதைவிட நல்லது. நடையை உண்மையிலேயே வெறுக்கும் ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார், அவரைக் கண்டுபிடித்து அனுப்புங்கள்.

மலை ஏறியே தீர வேண்டும் என்ற தோழிக்கு வருகிறேன். அவர் ஏற விரும்பும் ஸ்காஃபெல் பைக் 978 மீட்டர். உயரம் என்று பார்த்தால் நம் ஏற்காட்டைவிடத் தாழ்வுதான். ஆனால் ஏறத்தாழ கடல் மட்டத்திலிருந்தே ஏற வேண்டும், உச்சி முழுக்க உருளும் பாறைகள், மேகம் இறங்கினால் பத்தடிக்கு அப்பால் தெரியாது, போய்வர ஆறு முதல் எட்டு மணி நேரம் ஆகும். ஆம்பிள்சைடிலிருந்து கார் இல்லாமல் ஏறத் தொடங்கும் இடத்துக்குப் போய்வருவதே ஒரு நாள் வேலை. இந்த முறை அது வேண்டாம் என்று அவரிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அவர் மனம் தேற ஒரு கதையும் சொல்லலாம். 1818 அக்டோபரில், வேர்ட்ஸ்வொர்த்தின் தங்கை டாரதி, தம் 46ஆம் வயதில், தோழி மேரி பார்க்கருடன் ஸ்காஃபெல் பைக் உச்சியை அடைந்தார். உச்சிக்குப் போவது அவர்கள் திட்டத்திலேயே இல்லை. தாழ்வான ஒரு கணவாய் வரை போகலாம் என்று ஓர் ஆட்டிடையரை வழிகாட்டியாக அழைத்துக்கொண்டு கிளம்பியவர்கள், வானம் தெளிவாக இருந்ததால் மேலே போனார்கள். தொலைவில் கடலில் ஒரு கப்பல் தெரிகிறது என்று டாரதி வியக்க, கப்பலேதான், வேறெதுவாகவும் இருக்க முடியாது என்று மேரி அடித்துச்சொல்ல, மறுத்துப் பேசாத வழிகாட்டி சற்று நேரம் கழித்து, “இப்போது பாருங்கள், உங்கள் கப்பல் குதிரையாகிவிட்டது” என்றாராம். அது மேகம். இருவரும் மனம்விட்டுச் சிரித்தார்கள் என்று டாரதி கடிதத்தில் எழுதினார். அந்தக் கடிதத்தைத் திருத்தித் தம் வழிகாட்டி நூலில் சேர்த்துக்கொண்ட அண்ணன் தங்கையின் பெயரைச் சொல்லவில்லை என்பது தனிக் கதை. வானத்தைப் பார்த்து அன்றன்று முடிவெடுத்த அந்த இரு பெண்களின் முறைதான் இந்த மலைகளுக்கு உகந்தது.

உங்களுக்கு ஏற்ற மலை லஃப்ரிக். 335 மீட்டர்தான், ஆனால் உச்சியில் நின்றால் தெற்கே விண்டர்மியர் முழு நீளமும் வடக்கே கிராஸ்மியரும் மேற்கே லாங்டேல் மலைகளும் ஒருசேரத் தெரியும்; அந்த உயரத்துக்கு இவ்வளவு காட்சி வேறெங்கும் கிடைப்பது அரிது. மேலே சொன்ன வெளிச்சக் கணக்கு இங்கேதான் உதவுகிறது. ஏற விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்பது மணிக்குள் திரும்பி, தூங்கி எழுந்தவர்களுடன் காலை உணவுக்கு உட்கார்ந்துவிடலாம். யாருடைய நாளும் யாருக்காகவும் வீணாகாது. உச்சிப்பகுதியில் பாதைகள் பல திசைகளில் பின்னிக்கிடப்பதால், வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குகளில் சிக்னல் அடிக்கடி போய்விடும். ஏதேனும் அசம்பாவிதம் நேர்ந்தால் 999ஐ அழைத்து முதலில் போலீசையும் பிறகு மவுண்டன் ரெஸ்கியூவையும் கேட்க வேண்டும். அந்த மீட்புக் குழுவினர் அனைவரும் ஊதியம் வாங்காத உள்ளூர்த் தொண்டர்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், செருப்பைப் போட்டுக்கொண்டு மலை ஏறத் தோன்றாது.

ஞாயிறு காலையை ரைடல், கிராஸ்மியர் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரைடலில் வேர்ட்ஸ்வொர்த் 1813 முதல் 1850இல் இறக்கும்வரை வாழ்ந்த ரைடல் மவுண்ட் வீட்டின் பின்புறமிருந்து, சவப்பாதை என்று பெயர் பெற்ற பழைய பாதை ஒன்று கிராஸ்மியருக்குப் போகிறது. ரைடலிலும் ஆம்பிள்சைடிலும் இறந்தவர்களை அடக்கம் செய்யக் கிராஸ்மியர் தேவாலயத்துக்குத் தூக்கிச்சென்ற வழி அது. பாடையை இறக்கிவைத்து இளைப்பாறிய தட்டைக் கல் இன்னும் இருக்கிறது. பெயர்தான் அப்படி, பாதை மரநிழலில் ஏரியைப் பார்த்தபடி போகும். ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். மறுமுனையில் 1799 முதல் 1808 வரை அண்ணனும் தங்கையும் வாழ்ந்த டவ் காட்டேஜ். முழங்கால் வலித் தோழி பேருந்தில் நேரே கிராஸ்மியருக்கு வந்துவிடலாம், பத்து, பதினைந்து நிமிடம்தான். தேவாலயத்தை ஒட்டியிருக்கும் குறுகிய கட்டடம் ஒருகாலத்தில் ஊர்ப் பள்ளிக்கூடம்; அங்கே 1854இல் சாரா நெல்சன் என்ற பெண்மணி செய்யத் தொடங்கிய இஞ்சி ரொட்டியை இன்றும் விற்கிறார்கள். மேலே மொறுமொறுப்பாகவும் உள்ளே மெல்லத்தக்கதாகவும் இருக்கும் அது சுக்குக் காரத்துக்குப் பழகிய நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். வரிசை நீளும் முன் பத்து மணிக்குள் போய்விடுங்கள்.

மழை பெய்தால் என்ன செய்வது என்பதைப் பெய்தபின் யோசிக்கக்கூடாது. பாரடேல் பள்ளத்தாக்கின் சீத்வெயிட் என்னும் சிற்றூரில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது; சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400. ஆம்பிள்சைடில் அவ்வளவு இல்லையென்றாலும், கோடை வார இறுதியில் ஒரு பொழுதாவது நனைவீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளி இரவு வானிலை அலுவலகத்தின் மலைப்பகுதி முன்னறிவிப்பைப் பார்த்து, சனி, ஞாயிறு திட்டங்களை வேண்டுமானால் இடம் மாற்றிக்கொள்ளுங்கள்; இரண்டுமே ஆம்பிள்சைடிலிருந்து தொடங்குவதால் மாற்றுவதில் சிரமம் இல்லை. அடைமழையென்றால் டவ் காட்டேஜும், பாட்டர் தீட்டிய காளான் ஓவியங்களை வைத்திருக்கும் ஆம்பிள்சைடின் ஆர்மிட் அருங்காட்சியகமும் இருக்கின்றன. மழைச் சட்டையில் மட்டும் சிக்கனம் வேண்டாம். குடை அங்கே பயன்படாது, காற்று திருப்பிவிடும். ஜூலையிலும் பகல் வெப்பம் இருபது பாகையைச் சுற்றியே இருக்கும். மாலையில் ஸ்வெட்டர் தேவைப்படும்.

நீரில் இறங்குவீர்கள் என்பதால் அதையும் சொல்ல வேண்டும். இந்த ஏரிகள் கோடையிலும் குளிர்ந்தவை. திடீரெனக் குதித்தால் மூச்சுத் திணறி, நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கே கை கால் ஓடாமல் போகும். மெதுவாக, கரையோரமாக இறங்குங்கள். ரைடல் ஏரி சிறியது, சற்று சீக்கிரம் சூடேறும், படகுப் போக்குவரத்தும் இல்லை; முதல்முறை இறங்க விண்டர்மியரைவிட அதுவே தக்க இடம். காற்றடைத்த மிதவைகளில் ஏறி மிதக்காதீர்கள், காற்று நடு ஏரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். வெயில் தொடர்ந்து அடிக்கும் நாட்களில் விண்டர்மியரில் நச்சுத்தன்மையுள்ள நீலப்பச்சைப் பாசி படர்வதுண்டு. கரையில் எச்சரிக்கைப் பலகை இருந்தால் காலைக்கூட நனைக்க வேண்டாம். பெரணிப் புதர்களில் நடந்து வந்த மாலையில் கெண்டைக்கால், முழங்கால் மடிப்பு, இடுப்பு ஆகிய இடங்களில் உண்ணி கடித்திருக்கிறதா என்று ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள், அது லைம் நோயைப் பரப்பக்கூடியது. காற்றில்லாத அந்திகளில் மொய்க்கும் சிறு கொசுக்கள் தொல்லைதான், ஆனால் ஆபத்தில்லை.

சைவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. ஆம்பிள்சைடில் திரையரங்கையும் சேர்த்து நடத்தும் செஃபிரெல்லீஸ் என்ற உணவகம் முழுச் சைவம். சனி இரவுக்கு மேசை முன்பதிவு செய்யாமல் போகக்கூடாது. வெள்ளி இரவுக்கு நான் சொல்வது, வீட்டிலிருந்தே புளிக்காய்ச்சலோ தக்காளித் தொக்கோ ஒரு பாட்டில் கொண்டுபோய்விடுங்கள். சோறு மட்டும் வடித்தால் போதும், ஒன்பதரை மணிக்கு மேல் கதவைத் திறந்து வைத்திருக்கும் உணவகத்தைத் தேடி அலைய வேண்டாம். விண்டர்மியர் நிலையத்தை ஒட்டியே பூத்ஸ் என்ற பெரிய பலசரக்கு அங்காடி இருக்கிறது. பால், ரொட்டி, பழங்கள், மறுநாள் கட்டுச்சோற்றுக்கு வேண்டியவை எல்லாவற்றையும் பேருந்து ஏறுமுன் அங்கேயே வாங்கிவிடலாம். அது மூடும் நேரத்தையும் உங்கள் ரயில் வரும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி நட்புக்குள் பேசக் கூச்சம் இருக்கும். ஆனால் ஐவரின் வருமானமும் ஒன்றாக இருக்காது, அதை எல்லாரும் அறிந்தும் பேசாமல் இருப்பதால்தான் பின்னால் மனத்தாங்கல் வருகிறது. தங்குமிடம், ரயில் இரண்டுக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று தொடக்கத்திலேயே ஒரு வரம்பு சொல்லி, அதில் மிகக் குறைவாகச் சொல்பவரின் தொகைக்கே திட்டத்தை அமையுங்கள். பொதுச் செலவுக்கு ஒருவர் கையில் முன்கூட்டியே பணம் சேர்த்துவிட்டால் ஒவ்வொரு காபிக்கும் கணக்குப் பார்க்க வேண்டியிராது. முன்பதிவுகள் எல்லாவற்றையும் நீங்களே தலையில் ஏற்றிக்கொள்ளாதீர்கள். ரயில் ஒருவருக்கு, சனி இரவுச் சாப்பாடு ஒருவருக்கு, படகும் பேருந்தும் ஒருவருக்கு என்று பகிர்ந்தால், ஏதாவது தவறினாலும் “நீதானே ஏற்பாடு செய்தாய்” என்று எல்லாரும் ஒருவர் பக்கம் திரும்ப மாட்டார்கள். சிறு குழந்தைகளை வீட்டில் விட்டுவரும் தோழிக்கு, இரவு எட்டு மணி போல ஒரு நேரத்தைத் தொலைபேசிக்கென்றே விட்டுக்கொடுங்கள்.

திரும்பும் ரயிலை வாங்குமுன் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த மேற்குக் கடற்கரைத் தடத்தில் அடிக்கடி பராமரிப்புப் பணி நடக்கும். ரயிலுக்குப் பதில் பாதித் தூரம் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள், இரண்டே முக்கால் மணி நேரப் பயணம் ஐந்து மணி நேரமாகும். எந்தெந்த வார இறுதிகளில் பணி என்பதை நேஷனல் ரெயில் இணையதளத்தில் சில வாரங்களுக்கு முன்பே போடுகிறார்கள். நீங்கள் நினைத்திருக்கும் வாரத்தில் அப்படி இருந்தால் வாரத்தை மாற்றுங்கள், அல்லது ஒருநாள் கூடுதல் விடுப்பு எடுத்துத் திங்கள் காலை கிளம்புங்கள். பணி ஏதும் இல்லையென்றால் ஞாயிறு பிற்பகல் மூன்று அல்லது நான்கு மணி வாக்கில் விண்டர்மியரில் ஏறுவது உத்தமம். கிராஸ்மியரிலிருந்து ஒன்றரை மணிக்குள் பேருந்து பிடித்து, விடுதியில் விட்டுவந்த பைகளை எடுத்துக்கொண்டு வர அந்த நேரம் சரியாக இருக்கும்.